தங்கையின் மியூச்சுவல் விவாகரத்து: பெங்களூர் குடும்பநல நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அல்சூர் அக்கா | 9 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 கடைசியில் தர்மபுரி பக்கம் ஒரு முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. குடித்தனம் இங்கே ஹொரமாவில். 2024 பொங்கலுக்கு ஓசூரில் அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி, இனிச் சேர்ந்து வாழ முடியாது, சண்டையில்லாமல் பிரிந்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை தரப்பில் ஒரு வக்கீல் வைத்து, பெங்களூர் கோர்ட்டில் போட ஏழு பக்கம் டைப் செய்து அனுப்பியிருக்கிறார்கள். "இரண்டு பேருக்கும் இவரே வக்கீல், உங்களுக்குச் செலவே இல்லை, கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்கிறார்கள்.

முழுவதும் ஆங்கிலம். நாலாவது பக்கத்தில் ஒரு வரியை என் பையன் படித்துச் சொன்னான். நகை, சீதனம், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் மனைவி முழுமையாகப் பெற்றுக்கொண்டுவிட்டார், இனிமேல் தனக்கோ குழந்தைக்கோ எதுவும் கேட்க மாட்டார் என்று இருக்கிறது. உண்மையில் அவளுடைய 31 பவுனும் கணவர் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கிறது. ஒரு கிராம்கூட வரவில்லை. ஹொரமாவு ஃபிளாட்டும் இரண்டு பேர் பெயரில்தான், லோன் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா, "போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தக் கோர்ட், எவ்வளவு நாள், எத்தனை தடவை வர வேண்டும், இந்த வரியை மாற்றச் சொன்னால் எல்லாமே கெட்டுவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஜீவன்பீமா நகர் சரவணன் | 9 ஆகஸ்ட் 2025

அக்கா, அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் கன்டெஸ்ட் கேஸ், அதாவது ஒருவர் போட்டு மற்றவர் எதிர்க்கும் விவாகரத்து வழக்கு, நடத்தியவன். 2016-ல் போட்டது, 2021-ல் முடிந்தது. வாய்தா வாய்தாவாக அலைந்து வேலையில் ஒரு பதவி உயர்வு போனது, அப்பாவின் உடம்பு கெட்டது. நகை போனால் மறுபடி வாங்கலாம். அந்த ஐந்து வருடம் எனக்குத் திரும்பி வரவில்லை. சண்டையில்லாமல் முடிகிறது என்றால் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

விவேக்நகர் வக்கீல் | 9 ஆகஸ்ட் 2025

சரவணன் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அக்கா, அந்தத் தாளில் தங்கை கையெழுத்துப் போட வேண்டாம். மியூச்சுவலை விடச் சொல்லவில்லை. மியூச்சுவலே நல்ல வழி. அந்த வரியோடு போட வேண்டாம் என்கிறேன்.

இந்து திருமணச் சட்டம் 1955-ல் பிரிவு 13பி என்று ஒன்று 1976-ல் சேர்ந்தது. ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுவது. இதில் இரண்டு கட்டம். மனு போட்டுச் சொல்வது முதல் மோஷன். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இரண்டு பேரும் வந்து "மனம் மாறவில்லை" என்று சொல்வது இரண்டாவது மோஷன். அதன் பிறகுதான் ஆணை. நடுவில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதனால், இன்று கையெழுத்துப் போட்டால் நாளையே முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த ஆறு மாதத்தைக் குறைக்க வழி உண்டு. 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் வந்த தீர்ப்புப்படி அந்தக் காத்திருப்பு கட்டாயமில்லை, நீதிபதி பார்த்துத் தள்ளுபடி செய்யலாம். முதல் மோஷனுக்கு முன்பே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி நடந்து பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, மற்ற விஷயம் எல்லாம் நிஜமாகவே தீர்ந்திருக்க வேண்டும், காத்திருப்பதால் வேதனைதான் கூடும் என்று தெரிய வேண்டும். உங்கள் தங்கை 2024 பொங்கலிலிருந்து தனியே இருக்கிறாள், பத்தொன்பது மாதம் ஆகிறது. காலக் கணக்கு சரி. ஆனால் "எல்லாம் தீர்ந்தது" என்பதுதான் உங்கள் விஷயத்தில் பொய்யாக எழுதப்பட்டிருக்கிறது. நீதிபதி தங்கையைப் பார்த்து "நகையெல்லாம் வாங்கிக்கொண்டீர்களா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஆமாம் என்றால் பிறகு நகையைக் கேட்க வாயில்லாமல் போகும். இல்லை என்றால் மனு அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. குழந்தைக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அது குழந்தையின் உரிமை, தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அந்த வரியை அப்படியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தனி வக்கீல் வையுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்று சொல்பவருக்குப் பணம் கொடுப்பது யார் என்று யோசியுங்கள். செலவு பயம் என்றால், 1987 சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எச். சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில்தான் குடும்பநல நீதிமன்றமும் இருக்கிறது, மாநில சட்டப் பணிகள் ஆணையமும் இருக்கிறது, மீடியேஷன் (சமரசப் பேச்சு) சென்டரும் அங்கேதான். சாந்திநகர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரம்.

---

காவேரிக்கரை | 10 ஆகஸ்ட் 2025

வக்கீல் சார் விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்கிறேன். எந்தக் கோர்ட் என்பது சின்ன விஷயம் இல்லை அக்கா.

எனக்குக் கல்யாணம் சேலத்தில். குடித்தனம் பெங்களூரில். பிரிந்த பிறகு கைக்குழந்தையோடு சேலம் போய்விட்டேன். அவர் இங்கே விவாகரத்து மனு போட்டார். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் இது என்பதால் போடலாம், சட்டப்படி தப்பில்லை. சம்மன் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை ரயில் ஏறுவேன். கோர்ட்டில் பத்து நிமிடம், அடுத்த தேதி. இரவு வீட்டுக்குத் திரும்பும்போது குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்.

அப்புறம்தான் ஒருவர் சொன்னார், மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று 2003-ல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று. முதலில் நானே சேலத்தில் போட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. அவர் முந்திக்கொண்டார். ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தில் கேட்டு வழக்கை மாற்றிக்கொள்ளலாம். கர்நாடகாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு என்றால் டெல்லியில் உச்ச நீதிமன்றம்தான். டிரான்ஸ்ஃபர் மனு போட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது.

உங்கள் தங்கை ஓசூரில் இருக்கிறாள். பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடும். ஆனால் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். நாளைக்குப் பேச்சு முறிந்து ஆளுக்கொரு பக்கம் கேஸ் போட்டுக்கொண்டால், அந்த நாற்பது கிலோமீட்டருக்காக டெல்லி வரை போக வேண்டும். மியூச்சுவல் என்றால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே இடம், அந்தப் பயமில்லை. பெங்களூரிலேயே போடுங்கள், அவளுக்கும் பஸ் வசதி இருக்கிறது. ஆனால் முறிந்தால் எங்கே நிற்பது என்பதை இப்போதே வக்கீலிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஸ்ரீராமபுரம் மணி | 10 ஆகஸ்ட் 2025

எதற்கு இவ்வளவு? எங்கள் சித்தப்பா மகனுக்கு ஊரில் பெரியவர்கள் முன்னால் ஸ்டாம்ப் பேப்பரில் முறிவுப் பத்திரம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், நோட்டரி முத்திரையும் வாங்கினார்கள். அன்றைக்கே முடிந்தது. இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறோம்.

---

விவேக்நகர் வக்கீல் | 10 ஆகஸ்ட் 2025

மணி தம்பி, உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் பெண் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால் கல்யாணம் முறியாது. நோட்டரி முத்திரை, இன்னார் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சில சமூகங்களில் அறுத்துக்கட்டும் (கோர்ட்டுக்குப் போகாமல் உறவை முறித்து மறுமணம் செய்யும்) வழக்கம் தொன்றுதொட்டு உண்டு, அதைச் சட்டமும் 29(2) பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து எழுதியதை வழக்கம் என்று சொல்லிவிட முடியாது. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் கல்யாணம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கல்யாணம் செல்லாது, குற்ற வழக்கும் வரும். வரப்போகிற பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவள் மனைவியே இல்லை என்று ஆகிவிடுவாள்.

என்னிடம் வருடத்துக்கு ஓரிருவராவது இப்படி வருகிறார்கள். முதல் மனைவியும் வேறு கல்யாணம் செய்துகொண்டிருப்பாள், இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும், பென்ஷனுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போதுதான் தெரியவரும். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சம்மதமாகத்தானே பிரிந்திருக்கிறார்கள்? ஓராண்டு பிரிவு முடிந்திருந்தால் இருவரும் சேர்ந்து 13பி மனு போடச் சொல்லுங்கள்.

---

ஸ்ரீராமபுரம் மணி | 10 ஆகஸ்ட் 2025

வீட்டில் காட்டினேன் சார். சித்தப்பா முதலில் சத்தம் போட்டார், அப்புறம் பேசாமல் இருக்கிறார். பெண் வீட்டாரிடம் நான்கு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டோம். ஒரு சந்தேகம். அவர்கள் கல்யாணத்தை ரிஜிஸ்டர் செய்யவேயில்லை. மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைக் கல்யாணம், ஐயரும் இல்லை. கர்நாடகா கோர்ட் ஒத்துக்கொள்ளுமா?

---

விவேக்நகர் வக்கீல் | 11 ஆகஸ்ட் 2025

தமிழ்நாட்டில் நடந்த கல்யாணம் என்றால் ஒத்துக்கொள்ளும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தம், பிரிவு 7ஏ. அக்னி, சப்தபதி இல்லாமலும் மாலை மாற்றியோ, மோதிரம் மாற்றியோ, தாலி கட்டியோ நடந்தால் அது முழுமையான கல்யாணம். இங்கே சிலருக்கு இது தெரியாது, அதனால் மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிடுவேன். பதிவு இல்லாததால் கல்யாணம் செல்லாமல் போகாது. பத்திரிகை, போட்டோ, இரண்டு பேரின் அபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) கொடுங்கள். பத்திரிகை தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும்.

---

ஞாயிறு அப்பா | 11 ஆகஸ்ட் 2025

நான் அந்தப் பக்கத்தில் நிற்பவன். அக்காவின் தங்கைக் கணவர் இடத்தில் இருப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பெண் குழந்தைதான்.

எங்கள் ஒப்பந்தத்தில் "தந்தை குழந்தையை நியாயமான அளவில் சந்திக்கலாம்" என்று ஒரே வரி. நியாயமான அளவு என்றால் எவ்வளவு? அவள் மாதம் ஒரு மணி நேரம் என்றாள், நான் வாரம் இரண்டு நாள் என்றேன். அந்த ஒரு வரிக்காக மறுபடி கோர்ட்டுக்குப் போய் இரண்டு வருடம் கழிந்தது. அதற்குள் குழந்தைக்கு என் முகம் அந்நியமாகிவிட்டது. முதல் தடவை பார்க்க வந்தபோது அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

எந்த ஞாயிறு, காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை, யார் கூட்டிப்போய் விடுவது, தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், வீடியோ காலுக்கு எந்த நேரம், பள்ளி மாற்றினால் யாரைக் கேட்பது, பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார் போடுவது. எல்லாம் எழுதுங்கள். எழுதும்போது அற்பமாகத் தெரியும். அவருக்காகவும் எழுதுங்கள் அக்கா. அவர் கெட்ட கணவராக இருந்திருக்கலாம், குழந்தைக்கு அப்பா.

---

அல்சூர் அக்கா | 11 ஆகஸ்ட் 2025

ஞாயிறு அப்பா, நீங்கள் எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்கு மாதம் இரண்டு ஞாயிறு கொடுக்கலாம்" என்றாள். நேற்று வரை கூடவே கூடாது என்றவள்.

ஃபிளாட் விஷயம் யாராவது சொல்லுங்கள். "கோர்ட்டில் உன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டால் லோனும் உன்னை விட்டுப் போய்விடும்" என்கிறார்கள். சரிதானா?

---

பேங்க் வேலை | 12 ஆகஸ்ட் 2025

சரியில்லை. நான் வீட்டுக் கடன் பிரிவில் இருக்கிறேன், இதை வாரம் ஒரு தடவையாவது யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது.

கோர்ட் ஆணை கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில். வங்கி அதில் கட்சியே இல்லை. லோனில் தங்கை பெயர் இருக்கும் வரை, அவர் ஒரு தவணை தவறினாலும் அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் விழும், வங்கி அவளிடமும் கேட்கும். விவாகரத்தாகிப் பத்து வருடம் ஆனாலும் அப்படித்தான். அவர் தன் பெயருக்கு மட்டும் லோனை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அவர் சம்பளம் ஒன்றே போதும் என்று வங்கிக்குத் திருப்தி வந்தால்தான் மாற்றுவோம். போதாவிட்டால் அவர் அண்ணனோ அப்பாவோ கூடச் சேர வேண்டியிருக்கும். வங்கி எழுதிக் கொடுத்த பிறகு, தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். முன்னாலேயே வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டால் வீடும் இல்லாமல், கடன் மட்டும் தங்கை தலையில் இருக்கும். பதிவு முடிந்ததும் காதா (வீட்டு வரிப் பதிவேட்டில் உள்ள பெயர்) மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

---

கம்மனஹள்ளி ஜோ | 12 ஆகஸ்ட் 2025

நடுவில் என் சந்தேகம். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறார்களே? தனி வீடு எடுக்க வசதியில்லாமல் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் இருக்கிறோம். அது கணக்கில் வருமா?

---

விவேக்நகர் வக்கீல் | 12 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், பிரிவு 10ஏ. எழுத்தில் இரண்டு வருடம்தான். மற்றவர்களுக்கு ஒன்று, இவர்களுக்கு இரண்டா என்று கேள்வி வந்து, முதலில் கேரள உயர் நீதிமன்றமும் பிறகு நம் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஓராண்டாகப் படிக்கச் சொல்லிவிட்டன. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் பிரிவுதான். அதை அபிடவிட்டில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

---

ஜீவன்பீமா நகர் சரவணன் | 13 ஆகஸ்ட் 2025

முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் அக்கா, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்த பிறகு, என் கேஸ் இழுத்ததற்குக் காரணமே ஆரம்பத்தில் ஒன்றையும் எழுதி வைக்காததுதான் என்று தோன்றுகிறது. ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கப்போகிறீர்கள்? சம்பளத்தில் 25 சதவீதம் சட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

---

காவேரிக்கரை | 13 ஆகஸ்ட் 2025

25 சதவீதம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை அண்ணா. 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு அது பொருத்தம் என்று சொன்னது, அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சொல்கிறார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு, ஜீவனாம்சம் கேட்டு வழக்கு நடந்தால் இரண்டு பேரும் சொத்து, சம்பளம், கடன், செலவு எல்லாவற்றையும் அபிடவிட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் வழக்கில் அதுதான் திருப்பம். அதுவரை வேலையே இல்லை என்றவர், வங்கிக் கணக்கு விவரம் கேட்டதும் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. மியூச்சுவலில் பேசித் தீர்க்கிறீர்கள் என்றாலும் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணம், பால், மருந்து, வாடகை என்று தங்கை ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதட்டும். கையில் கணக்கு இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

---

அல்சூர் அக்கா | 21 செப்டம்பர் 2025

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கைக்குச் சட்ட உதவியிலிருந்து ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். முதல் வேலையாக அந்த ஏழு பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தை எடுத்து வரச் சொன்னார். ஆல்பத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா ஒவ்வொரு நகையாகச் சொல்ல, நான் எழுதினேன். ஆரம், நெக்லஸ், வளையல் ஆறு, ஜிமிக்கி, ஒட்டியாணம், குழந்தை பிறந்தபோது போட்ட அரைஞாண் வரைக்கும். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்னவள், அன்றைக்குப் பிறகு கையெழுத்துப் போடு என்று சொல்லவேயில்லை.

புதிதாக மனு எழுதிப் போட்டோம், எம்.சி. (திருமண வழக்கு) நம்பர் விழுந்தது. நீதிபதி மீடியேஷனுக்கு அனுப்பினார். எனக்கு மீடியேஷன் என்றால் மறுபடி சேர்த்து வைக்கும் பேச்சு என்று பயம். அப்படி இல்லை. சேர வாய்ப்பு உண்டா என்று ஒரு தடவை கேட்டார்கள், இல்லை என்றதும் எப்படிப் பிரிவது என்பதைப் பேச ஆரம்பித்தார்கள். கட்டணம் இல்லை. அங்கே பேசியதை வெளியே யாரும் சாட்சியாகக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னார்கள். மீடியேட்டருக்குத் தமிழ் நன்றாகப் புரிந்தது. தங்கையைத் தனியாக அரைமணி நேரம், அவரைத் தனியாக அரைமணி நேரம், பிறகு சேர்த்து. நாங்கள் எல்லாம் வெளியே. அது நல்லதாகப் போயிற்று. இத்தனை நாள் நாங்கள்தான் பேசிக்கொண்டிருந்தோம், அவர்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை.

31 பவுனில் நாலு பவுன் ஃபிளாட் முன்பணத்துக்காக அடகு வைத்து மூழ்கிவிட்டது என்று அவரே சொன்னார். தங்கைக்கு அது தெரியாது. மீதியைத் தருகிறேன், நாலு பவுனுக்குப் பணம் தருகிறேன் என்றார். இன்னும் இரண்டு அமர்வு இருக்கிறது.

---

ஞாயிறு அப்பா | 21 செப்டம்பர் 2025

ஞாயிறு?

---

அல்சூர் அக்கா | 21 செப்டம்பர் 2025

இரண்டாவது, நாலாவது ஞாயிறு, காலை பத்து முதல் மாலை ஆறு. ஓசூருக்கு வந்து அவரே கூட்டிப்போய் அவரே விட வேண்டும். தீபாவளி ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. பொங்கல் எப்போதும் தங்கையிடம், அதை அவரே விட்டுக்கொடுத்தார். நீங்கள் எழுதியதைத்தான் அச்சடித்து எடுத்துப் போனேன்.

---

அல்சூர் அக்கா | 14 டிசம்பர் 2025

முடிந்தது.

ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதினார்கள். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லித் தங்கையே கேட்டாள், சொன்னார்கள். குழந்தைக்கு மாதம் 15,000, வருடத்துக்கு ஐந்து சதவீதம் கூடும், பள்ளிக் கட்டணம் அவர் தனி. தங்கைக்கு 6 லட்சம். வங்கியில் அவருடைய அண்ணன் கூடச் சேர்ந்து லோனை மாற்றிக்கொண்டார்கள். வங்கிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விடுதலைப் பத்திரம் பதிவானது. "எல்லாம் பெற்றுக்கொண்டார்" என்ற வரி இருந்த இடத்தில் இருபத்து மூன்று நகையின் பட்டியல் இருக்கிறது, எடையோடு. எங்கள் வக்கீல் மேசையில் தராசு வைத்து ஒவ்வொன்றாக நிறுத்து வாங்கினோம். தாலிக்கொடியை மட்டும் தங்கை பட்டியலில் சேர்க்க விடவில்லை. அதை அவரிடமே கொடுத்துவிட்டாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டு மனு கொடுத்தோம், நீதிபதி ஏற்றுக்கொண்டார். கடைசி நாளில் அவளிடம், யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஒப்பந்தம் புரிந்ததா, குழந்தை யாரிடம், பணம் வந்ததா என்று கேட்டார். டிடியை நீதிபதி முன்னாலேயே கொடுத்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து, "வரேன் அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் சார், ஆணையின் நகல் எத்தனை வாங்க வேண்டும்?

---

விவேக்நகர் வக்கீல் | 14 டிசம்பர் 2025

நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம் அம்மா. சான்றிட்ட நகல் நாலு கேளுங்கள். ஒன்று தங்கையின் பாஸ்போர்ட், ஆதார், வங்கி வேலைகளுக்கு. ஒன்று பள்ளிக்கு. ஒன்று குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது தேவைப்படும், அதில் குழந்தையின் பொறுப்பு யாரிடம் என்ற பத்தியும் ஒப்பந்தத்தின் பக்கங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், சில சமயம் ஆணையை மட்டும் தருவார்கள். இன்னொன்றை வெளியே எடுக்காமல் அம்மாவின் பீரோவில் வையுங்கள். சம்மதத்தின் பேரில் வந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது, அந்தப் பயம் வேண்டாம். மாதப் பணம் எந்தத் தேதியில் வருகிறது என்று தங்கை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வரட்டும். இரண்டு மாதம் தவறினால் மூன்றாவது மாதம் வரை காத்திருக்காமல் வக்கீலிடம் போகச் சொல்லுங்கள்.

---

ஸ்ரீராமபுரம் மணி | 15 டிசம்பர் 2025

சார், எங்கள் வீட்டிலும் மனு போட்டாயிற்று. 7ஏ எழுதியிருக்கிறார்கள். முதல் தேதி ஜனவரி 19.